திரும்ப எழுதக்கூடிய சாட்சி

செங்கல்பட்டில் எங்கள் தெருவில், ஒரு பல் மருத்துவரின் மாடியில், 'கடலோர வாடகை வாகன அனுமதி விசாரணைக் குழு' என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் ஆள் ஏற்றுகிற ஆட்டோ, வேன், கார் எதன் மீது புகார் வந்தாலும் அங்கேதான் வரும். மாதத்தின் முதல் புதன்கிழமை குழு கூடும். மூன்று உறுப்பினர்களில் இரண்டு பேர் வந்தால் கூடியதாக அர்த்தம். ஒருவர் மட்டும் வந்தால் டீ குடித்துவிட்டு வாய்தா போடுவார்.

அதற்கு நேர் எதிரில் என் கடை. ஃபைஸா கம்ப்யூட்டர்ஸ். ஃபைஸா என் மனைவி. டைப்பிங் அவள் வேலை. என் பெயர் ஜாவித். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், லேமினேஷன் எல்லாம் உண்டு என்றாலும் கடை ஓடுவது ஒரே ஒரு காரியத்தால்தான்: குழுவுக்குக் கொடுக்கவேண்டிய வீடியோவை சிடியில் ஏற்றி, கூடவே சான்றிதழும் தருவது. அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போட இந்தத் தெருவில் குழு அங்கீகரித்திருப்பது என்னை மட்டும்தான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் இல்லை என்று ஃபைஸா சொல்வாள்.

குழுவின் விதிகளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பென் டிரைவ் வைரஸ் கொண்டுவரும் என்பதால் கூடாது. அதற்காக அலுவலகக் கணினியின் யுஎஸ்பி ஓட்டைகளை எல்லாம் கண்காணிப்பாளர் சுப்புராமன் தன் கையாலேயே எம்-சீல் வைத்து அடைத்தார். தண்ணீர்த் தொட்டிக்கு வாங்கியதில் மிச்சம் இருந்ததாம். ஆகவே சிடி மட்டும்தான். அதுவும் விதி ஐந்தின்படி அழித்துத் திரும்ப எழுதக்கூடிய சிடியாக இருக்கவேண்டும். வழக்கு முடிந்ததும் துடைத்துவிட்டு அடுத்த வழக்குக்குப் பயன்படுத்தலாம், சுற்றுச்சூழல் காப்பாற்றப்படும். விதி ஏழு, குழுவின் தீர்ப்பு அதே வட்டில் எழுதப்படும் என்கிறது. சாட்சியும் தீர்ப்பும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தவேண்டும் என்று யாரோ ஆசைப்பட்டிருக்கிறார்கள்.

விதி ஒன்பது புதிது. வட்டில் இருக்கும் மொத்தத்தையும் கூட்டிப் பிசைந்து கணினி ஒரு நீண்ட எண் கொடுக்கும். ஹாஷ் என்பார்கள். வட்டில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். நான் சான்றிதழில் எழுதிக் கொடுக்கிற எண்ணும், விசாரணை நாளில் குழுவின் கணினி சொல்கிற எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் சாட்சி செல்லும். அழித்து எழுதக்கூடிய வட்டில் கொண்டுவா, ஆனால் ஒரு புள்ளி மாறக்கூடாது. இந்த ஒன்பது விதிகளையும் ஒரே ஆள்தான் எழுதினாரா என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

வேண்டாக்கா கடைக்கு வந்தது ஜனவரி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில். அச்சரப்பாக்கம் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். நான்காவது பெண்ணுக்கு அந்தப் பக்கம் வைக்கிற பெயரைத்தான் அவருக்கும் வைத்திருந்தார்கள். வயது நாற்பத்தாறு. மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே பதினோரு வருஷமாக ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஆட்டோவில் மாட்டியிருந்த கேமராவின் மெமரி கார்டை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார்.

"பாய், நேத்து கோட்டையாண்ட ஸ்டாண்டுல வண்டிய நிறுத்தி ஆளு ஏத்திகினு இருந்தேன். முன்னாடி நின்ன காரு ரிவர்ஸ்ல வந்து இடிச்சிது. இப்போ நான் போய் இடிச்சேன்னு கம்ப்ளெய்ண்ட் குத்துட்டான். அவன் வூட்டம்மாவுக்குக் கையில கட்டு. எல்லாம் இதுல கீது. சிடில போட்டுக் குடு."

கார்க்காரர் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் பங்குதாரர். வழக்கறிஞர் வைத்துப் புகார் கொடுத்திருந்தார். வேகமாக ஓட்டி ஆளைக் காயப்படுத்தியதாக நிரூபணமானால் அனுமதி ரத்து. அனுமதி போனால் வண்டி வெறும் தகரம்.

வீடியோவைப் பார்த்தேன். நாற்பத்தெட்டு விநாடி. சந்தேகத்துக்கு இடமே இல்லை. சிடியில் ஏற்றினேன், எண் எடுத்தேன், சான்றிதழ் கொடுத்தேன். சான்றிதழிலேயே 'நகல் எதுவும் என்னிடம் இல்லை' என்று ஒரு வரி உண்டு. வேறொரு ஊரில் எவனோ விசாரணை வீடியோவை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டதால் வந்த வரி. அதன்படி என் கணினியில் இருந்ததை அழித்தேன். வேண்டாக்கா கார்டைத் திரும்பக் கேமராவில் போட்டார். அந்தக் கேமரா மூன்று நாளுக்கு ஒருமுறை பழையதன் மேலேயே புதியதைப் பதியும். வெள்ளிக்கிழமைக்குள் உலகத்தில் அந்த நாற்பத்தெட்டு விநாடி இருந்த ஒரே இடம், அரக்கு முத்திரை வைத்த கவருக்குள் சுப்புராமனின் பீரோவில் இருந்த அந்தச் சிடிதான்.

பிப்ரவரி முதல் புதன்கிழமை முத்திரையை உடைத்து வட்டைக் கணினியில் போட்டார்கள். 'காலி வட்டு' என்று திரை சொன்னது. எடுத்துத் துடைத்துப் போட்டார்கள். சுப்புராமன் ஊதிவிட்டுப் போட்டார். காலி வட்டுதான்.

"பாய், ஒன்னும் இல்லியே இதுல," என்றார் சுப்புராமன்.

"போன வருஷம் வரைக்கும் இதே மாதிரி சிடிதான சார் இங்க ஓடிச்சு?"

"டிசம்பர்ல மெட்ராஸ்லேர்ந்து வந்து சிஸ்டத்த அப்டேட் பண்ணாங்க. அதுக்கப்புறம் இதான் மொதோ கேஸு."

என் மடிக்கணினியில் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். குழுவின் கணினியில், குழுவின் கண்ணெதிரே திறந்தால்தான் சாட்சியாம். வட்டை வெளியே கொடுக்கவும் முடியாதாம். குழுவின் மூத்த உறுப்பினர் ஜானகிராமன், போக்குவரத்தில் எங்கோ பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், இரக்கமுள்ளவர். காலி வட்டுக் கொடுத்து ஏமாற்றினார் என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதாமல், வட்டு திறக்கும்வரை அனுமதியை நிறுத்திவைப்பதாக மட்டும் எழுதினார். வட்டுக்கு மறுபடி அரக்கு முத்திரை வைத்துப் பீரோவில் பூட்டினார்கள். அவர் இரக்கத்தின் பலனாக மறுநாள் முதல் வேண்டாக்கா பொத்தேரியில் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் வெங்காயம் நறுக்கப் போனார்.

"நீ தான போட்டுக் குத்த. நீயே தொறந்து குடு," என்றார் என்னிடம். கோபமில்லாமல்தான் சொன்னார். கிழிந்த துணியைத் தையற்காரரிடமே திருப்பிக் கொடுப்பதுபோல் இருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது. குழுவின் கணினியில் ஓடுவது இலவச மென்பொருள். அதன் அடியில் கெர்னல் என்று ஒரு நிரல் உட்கார்ந்திருக்கும். எந்தப் பொருளை எப்படிப் படிப்பது, எப்படி எழுதுவது என்று முடிவு செய்வது அதுதான். அழித்தெழுதும் சிடியின் தலைப்பிலேயே 'நான் அழித்தெழுதும் ஜாதி' என்று ஒரு குறிப்பு இருக்கும். பழைய கெர்னல் அதைப் பார்த்தால், எழுத விடமாட்டேன், படித்துக்கொள் என்று திறந்துவிடும். யாரோ ஒரு புண்ணியவான் வீட்டைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று, 'இதைப் பயன்படுத்துவோர் எவரும் இல்லை' என்று குறிப்பெழுதி அந்தப் பகுதியையே தூக்கிவிட்டான். பெர்லினிலோ பாஸ்டனிலோ உட்கார்ந்து ஒருவன் பதினொரு வரி அழித்தான்; பொத்தேரியில் ஒரு பெண் வெங்காயம் நறுக்கினாள்.

அந்தக் கெர்னலுக்கு யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். பேட்ச் என்பார்கள். மெயிலில் அனுப்பவேண்டும். அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவர் படித்துப் பார்த்து ஏற்றுக்கொள்வார், அல்லது கிழிப்பார். நான் அதற்கு முன் மூன்று பேட்ச் அனுப்பி மூன்றும் ஏற்கப்பட்டிருக்கின்றன. மூன்றும் குறிப்புரைகளில் இருந்த எழுத்துப்பிழைகளைத் திருத்தியவை. அவற்றைப் பிரிண்ட் எடுத்து லேமினேஷன் செய்து கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.

நீக்கிய பகுதியைத் திரும்பக் கொண்டுவர ஒரு பேட்ச் எழுதினேன். மொத்தம் பதினொரு வரி. அழித்தெழுதும் வட்டைக் கண்டால் படிக்க மட்டும் திறந்துவிடு, அவ்வளவுதான். கடையில் இருந்த வேறு சிடிகளில் போட்டுப் பார்த்தேன், வேலை செய்தது. அனுப்பினேன்.

இரண்டு நாளில் அந்தப் பகுதியின் பராமரிப்பாளரிடமிருந்து பதில் வந்தது. மரியாதையான மனிதர். 'இந்தக் காலத்தில் இந்த வட்டுகளை யார் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?' என்று கேட்டிருந்தார்.

'செங்கல்பட்டு' என்று எழுதினேன்.

'அது எந்த நிறுவனம்?' என்று கேட்டார்.

விளக்கமாக எழுதினேன். ரிசார்ட், ரிவர்ஸ் கியர், எம்-சீல் எல்லாம் எழுதினேன். அந்த மனிதர் கொஞ்சம் கலங்கிப்போனார் என்று நினைக்கிறேன். 'பேட்ச் சிறியது, ஆபத்தில்லாதது. இன்றே எடுத்துக்கொள்கிறேன்' என்று பதில் போட்டார்.

அன்றைக்கு நான் கடையைப் பூட்டிக்கொண்டு போய் பிரியாணி சாப்பிட்டுத் தூங்கியிருக்கவேண்டும். ஆனால் பதினொரு வரி என்பது எனக்கு உறுத்தியது. மூன்று எழுத்துப்பிழைக்கு அப்புறம் பதினொரு வரி. அதுவும் வேறொருவன் எழுதி, இன்னொருவன் நீக்கியதை எடுத்து ஒட்டியது. உலகத்தில் இந்த வட்டைப் பற்றி யோசிக்கிற ஒரே ஆள் நான். என் பெயரில் ஒரு முழு வேலை நிற்க இதைவிட வாய்ப்பு எப்போது வரும்?

விதி ஏழு ஞாபகத்துக்கு வந்தது. மாடிக்குப் போய்ச் சுப்புராமனைக் கேட்டேன்.

"சார், விதி ஏழுல தீர்ப்ப அதே சிடில எழுதணும்னு கீதே. அது கட்டாயமா?"

"ரூலுன்னா ரூலுதான் பாய்."

"இதுவரைக்கும் யார்னா எழுதியிருக்கீங்களா?"

"அதுக்கெல்லாம் டைம் எங்க? டைப் அட்ச்சி நோட்டீஸ் போர்டுல ஒட்டிடுவோம்."

இந்த உரையாடலின் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு இறங்கி வந்தேன். 'அந்தப் பதினொரு வரியை நிறுத்திவையுங்கள். படிக்கவும் எழுதவும் இரண்டுக்குமாக முழுமையான பேட்ச் அனுப்புகிறேன். சட்டப்படி எங்களுக்கு எழுதும் வசதி அவசியம்' என்று பராமரிப்பாளருக்கு மெயில் போட்டேன். சட்டப்படி என்ற சொல்லை எழுதும்போது எனக்கே கொஞ்சம் புல்லரித்தது.

ஃபைஸா கேட்டாள். "இன்னாங்க, அந்தம்மா பாக்கறதுக்குத்தான கேட்டாங்க? எழுதறது எதுக்கு?"

"உனக்குப் புரியாது. ஒரு வேலய செஞ்சா முழுசா செய்யணும்."

அவள் ஒன்றும் சொல்லாமல் வாடகை ஒப்பந்தம் ஒன்றை டைப் செய்யத் திரும்பிவிட்டாள். பதினாறு வருஷக் குடித்தனத்தில், அவள் ஒன்றும் சொல்லாத இடங்களில்தான் நான் வழக்கமாக விழுந்திருக்கிறேன்.

முழுமையான பேட்ச் நானூறு வரியைத் தாண்டியது. பராமரிப்பாளருக்குப் பிடிக்கவில்லை. 'வழக்கமாகப் படிக்க மட்டும் திறக்கட்டும். எழுத வேண்டுமென்றால் பயனர் தனியாகக் கேட்கட்டும். அதுதான் பாதுகாப்பு' என்றார். நான் விடவில்லை. எங்கள் கண்காணிப்பாளர் தனியாகக் கேட்கிற ஆள் இல்லை, வட்டைப் போட்டதும் எழுதுவதற்குத் தயாராகத் திறக்கவேண்டும் என்று மூன்று வாரம் வாதாடினேன். விதி ஏழை மொழிபெயர்த்து இணைத்தேன். கடைசியில் அவர், 'இதைப் பயன்படுத்துகிற ஒரே நபர் இப்படித்தான் வேண்டும் என்கிறார். மறுக்க எனக்குக் காரணம் இல்லை' என்று எழுதினார். அந்த மெயிலை ஃபைஸாவிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

குழு மாதாமாதம் கூடி மாதாமாதம் வாய்தா போட்டது. ஒவ்வொரு முதல் புதனும் வேண்டாக்கா மெஸ்ஸில் அரைநாள் விடுப்புச் சொல்லி வருவார். மாடிக்குப் போய்விட்டு நேராகக் கடைக்கு வருவார்.

"ஆச்சா?"

"வெர்ஷன் நாலு அனுப்பியிருக்கேன்க்கா."

"நாலுன்னா எவ்ளோ வரைக்கும் போவும்?"

"அது அவங்க கையில கீது."

மே மாதம் அது ஏற்கப்பட்டபோது, திரையில் அவருக்குக் காட்டினேன். இந்தக் குறையைத் தெரிவித்தவர் என்று பேட்ச்சின் அடியில் அவர் பெயரையும் போட்டிருந்தேன்.

"பாருங்கக்கா, உங்க பேரு. இனிமே உலகத்துல எந்த மூலையில இந்தச் சிஸ்டம் ஓடினாலும் உங்க பேரும் கூடவே போவும். வட துருவம் வரைக்கும்."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். கை முழுக்க வெங்காய வாசனை.

"பேரு போவுது சரி. ஆட்டோ எப்போ போவும்?"

பேட்ச் ஏற்கப்பட்டால் போதாது. அது அடுத்த வெளியீட்டில் வரவேண்டும், அங்கிருந்து குழு வைத்திருக்கும் சிஸ்டத்துக்கு இறங்கவேண்டும், அப்புறம் அப்டேட் போடுகிற சென்னை ஒப்பந்ததாரருக்கு மனசு வரவேண்டும். ஜூலை கடைசியில் வந்தது. அன்றைக்கே நான் மாடிக்கு ஓடிப்போய், என் கடையிலிருந்து கொண்டுபோன ஒரு சிடியைப் போட்டுப் பார்த்தேன். திறந்தது. ஒரு வரி எழுதிப் பார்த்தேன். எழுதியது. சுப்புராமன் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார்.

"பெரிய ஆளு பாய் நீங்க," என்றார். நான் மறுக்கவில்லை.

ஆகஸ்ட் முதல் புதன். மூன்று உறுப்பினர்களும் வந்திருந்தார்கள். இதுவே ஓர் அதிசயம். கார்க்காரர் வரவில்லை, வழக்கறிஞர் மட்டும் வந்திருந்தார். வேண்டாக்கா இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தீர்ப்பு வந்ததும் நேராக வண்டியை எடுக்கப் போவதாக மெஸ்ஸில் சொல்லிவிட்டு வந்தாராம்.

சுப்புராமன் முத்திரையை உடைத்து வட்டைப் போட்டார். கணினி ஒருமுறை உறுமியது. திரையில் வேண்டாக்காவின் வீடியோ வந்து நின்றது. முதலில் எண்ணைச் சரிபார்க்கவேண்டும் என்பது முறை. ஆறு மாதமாகக் காலி வட்டையே பார்த்துச் சலித்த மனிதர், சந்தோஷத்தில் வீடியோவை ஓடவிட்டுவிட்டார்.

கோட்டை மதில், வெயில், முன்னால் ஒரு வெள்ளைக் கார். ஆட்டோவின் இன்ஜின் சத்தம் இல்லை. வேண்டாக்காவின் குரல் கேட்டது: "இன்னும் ரெண்டு பேரு வந்தா கெளம்பிடலாம், குந்துங்க." காரின் பின்விளக்கு வெள்ளையாக எரிந்தது. கார் பின்னால் வந்தது. வந்துகொண்டே இருந்தது. "யோவ், யோவ்" என்று இரண்டு தடவை வேண்டாக்காவின் குரல். அப்புறம் சத்தம். படம் குலுங்கி நின்றது.

அறையில் எல்லோரும் பார்த்தோம்.

"பாவம், வண்டி நின்னுகினு தான கீது," என்றார் ஜானகிராமன். வேண்டாக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வழக்கறிஞர் எழுந்து, விதி ஒன்பது என்று மட்டும் சொன்னார்.

சுப்புராமன் எண்ணை எடுக்கச் சொல்லிக் கணினியைத் தட்டினார். நான்கு நிமிஷம் ஓடியது. வந்த எண்ணை அவர் உரக்கப் படித்தார். என் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஜானகிராமன் ஒப்பிட்டுப் பார்த்தார். முதல் இலக்கத்திலேயே நிறுத்தினார். மறுபடி படிக்கச் சொன்னார். மறுபடியும் அதுவேதான்.

எனக்கு அந்த விநாடியே தெரிந்துவிட்டது. எழுதுவதற்காக ஒரு வட்டைத் திறந்தால், திறந்த மாத்திரத்தில் கெர்னல் அதன் ஓர் ஓரத்தில் 'இன்ன நேரத்தில் திறந்திருக்கிறேன்' என்று குறித்துவைக்கும். யாரும் எதுவும் எழுதவேண்டாம், திறந்தாலே போதும். நானூறு வரியில் அந்தக் குறிப்பை எழுதுகிற வரியும் நான் எழுதியதுதான். முப்பது சிடியில் சோதித்தேன். படிக்கிறதா, எழுதுகிறதா என்று பார்த்தேன். திறந்த பிறகு எண் என்ன ஆகிறது என்று ஒரு சிடியில்கூடப் பார்க்கவில்லை. எண்ணுக்குச் சான்றிதழ் கொடுத்துச் சாப்பிடுகிறவன் நான்.

"பாய், சான்றிதழ் குத்தது நீங்கதான? இது எப்டி மாறிச்சு?" என்று ஜானகிராமன் கேட்டார்.

எழுந்து, என்னால்தான் சார் என்று சொல்லியிருக்கலாம். இரண்டே சொல். கையைக் குலுக்கிய சுப்புராமன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆராயணும் சார்," என்றேன்.

ஆராய அவர்களுக்கு நேரமில்லை. முத்திரை வைத்த பிறகு வட்டு மாற்றப்பட்டிருக்கிறது, எனவே சாட்சி செல்லாது, சாட்சியைத் திருத்தியதற்காக வாகன அனுமதி ரத்து, முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அரக்கு முத்திரையோடு பீரோவில் கிடந்த வட்டை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பெண் எப்படிப் போய்த் திருத்தினார் என்று யாரும் கேட்கவில்லை. கண்ணால் பார்த்ததை என்ன செய்வது என்று ஓர் உறுப்பினர் மட்டும் கேட்டார். செல்லாத சாட்சியைப் பார்த்ததாகப் பதியக்கூடாது என்றார் ஜானகிராமன், வருத்தத்தோடு. 'குழு எதையும் பார்க்கவில்லை' என்று சுப்புராமன் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

வேண்டாக்கா கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். ஃபைஸா தண்ணீர் கொடுத்தாள். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"பாய், அந்த நம்பரு எப்டி மாறிச்சு? உனுக்குத் தெரியும். உன் மூஞ்சில தெரிஞ்சிது."

சொன்னேன். வட்டைத் திறந்ததும் ஒரு நேரம் குறித்துக்கொள்ளும், அதனால் எண் மாறிவிட்டது என்றேன்.

"அது ஏன் குறிச்சிக்குது?"

"எழுதறதுக்காகத் தொறந்தா குறிச்சிக்கும்."

"எழுதறதுக்குத் தொறக்கச் சொன்னது யாரு?"

ஃபைஸா டைப் செய்வதை நிறுத்தினாள்.

"நான்தான்க்கா. மொதல்ல படிக்க மட்டும்னு ஒன்னு எழுதினேன். அவங்களும் சரின்னாங்க. அது வந்திருந்தா ஏப்ரல்லயே தொறந்திருக்கும். நம்பரும் மாறியிருக்காது."

"அப்புறம் ஏன்?"

விதி ஏழு என்று ஆரம்பித்தேன்.

மேல்முறையீட்டோடு இணைக்க ஒரு வாக்குமூலம் எழுதித் தருவதாகச் சொன்னேன். அதில் என்ன சிக்கல் என்று எனக்கும் ஃபைஸாவுக்கும் தெரியும். சான்றிதழ் கொடுத்தவனே தன்னால் வட்டு மாறியது என்று ஒப்புக்கொண்டால், குழு அன்றைக்கே அவன் பெயரை அங்கீகாரப் பட்டியலிலிருந்து அடித்துவிடும். அப்புறம் கடையில் ஜெராக்ஸ் மிஷின்தான் மிச்சம்.

ஆகவே மூன்று பக்கம் சொன்னேன். ஃபைஸா டைப் செய்தாள். கோப்பு முறைமையின் வரலாறு, அழித்தெழுதும் வட்டுகளின் பொதுவான இயல்பு, விதி ஏழுக்கும் விதி ஒன்பதுக்கும் உள்ள முரண்பாடு, கெர்னலின் அண்மைக் கால மாற்றங்கள், ஒப்பந்ததாரரின் அப்டேட். நல்ல தமிழ். கீழே என் கையெழுத்து, முத்திரை.

வேண்டாக்கா பத்தாவது வரை படித்தவர். மூன்று பக்கத்தையும் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. இடையில் ஒருவர் ஆதார் ஜெராக்ஸுக்கு வந்துவிட்டுப் போனார். படித்து முடித்து, தாள்களை மேஜை மேல் வைத்தார்.

"பாய், இதுல நீ எங்க கீற?"

நான் தாள்களை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் தேடினேன். அடுத்த இரண்டிலும் தேடினேன்.

ஃபைஸா பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி என் முன்னால் வைத்தாள். டைப் செய்கிறேன் என்று சொல்லவில்லை. பேனாவையும் கூடவே வைத்தாள்.

'படிக்க மட்டும் திறந்தால் போதும் என்று வேண்டா என்னிடம் கேட்டார். அதை நான் பிப்ரவரியிலேயே செய்து முடித்தேன். என் பெயருக்காக அதை நிறுத்திவைத்து, யாருக்கும் தேவையில்லாத எழுதும் வசதியைச் சேர்த்தேன். வட்டை மாற்றியது அந்த வசதி. விசாரணையில் உறுப்பினர் கேட்டபோது இது எனக்குத் தெரியும். பயந்து சொல்லவில்லை.'

என் கையாலேயே இதை எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். வேண்டாக்கா அதையும் விரல் வைத்துப் படித்தார். இது சீக்கிரம் முடிந்துவிட்டது.

"இப்போ கீற," என்றார். தாளை நான்காக மடித்துக் காக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அலுவலகம் சாத்துவதற்குள் கொடுக்கவேண்டும் என்று தெருவைக் கடந்தார்.